மருத்துவக் கல்வியில் அடிப்படை அறிவியலும் நோயாளர்வழிப் பயிற்சியும்: ஒருங்கிணைப்பின் தேவை

முன்னுரை

நோயின் அறிகுறியை அடையாளம் காண்பது ஒரு திறன். அது தோன்றிய காரணத்தை விளக்குவது மற்றொரு திறன். மரபான பாடத்திட்டத்தில் மாணவர் முதலில் உடற்கூற்றியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகியவற்றைக் கற்று, பின்னரே நோயாளரைச் சந்திக்கிறார். இவ்விடைவெளியில் கற்றவற்றுள் பல மறந்துபோகின்றன. இவ்விரு கல்வியையும் இணைக்கும் முறையின் வரலாற்றையும் தேவையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பிரிவும் இணைப்பும்

அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் 155 மருத்துவக் கல்லூரிகளைப் பற்றிய ஆபிரகாம் பிளெக்ஸ்னரின் அறிக்கை 1910இல் வெளிவந்தது. அதன்பின், முதல் இரண்டாண்டுகள் அறிவியல், அடுத்த இரண்டாண்டுகள் மருத்துவமனை என்னும் அமைப்பு அங்கு வலுப்பெற்றது. கல்வியின் தரம் உயர்ந்தது; எனினும் இரு பகுதிகளும் தனித்தனியே நின்றன. 1952இல் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் பாடங்களை உறுப்பு மண்டலங்களின் அடிப்படையில் அமைத்தது. 1969இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் நோயாளரின் சிக்கலையே கற்றலின் தொடக்கமாக்கியது. இந்தியாவில் 2019இல் நடைமுறைக்கு வந்த திறன்சார் பாடத்திட்டம், முதலாண்டிலேயே நோயாளர் அறிமுகத்தையும் பாடங்களின் கிடைநிலை, செங்குத்து ஒருங்கிணைப்பையும் வலியுறுத்துகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

நீரிழிவினால் கீட்டோ அமிலத்தேக்கம் ஏற்பட்ட நோயாளரின் இரத்தத்தில் பொட்டாசியம் இயல்பாகவோ மிகுதியாகவோ காணப்படலாம். உண்மையில் அவர் உடலின் மொத்தப் பொட்டாசியம் குறைந்திருக்கும். இன்சுலின் குறைபாட்டால் அது உயிரணுக்களிலிருந்து இரத்தத்திற்கு வந்து, மிகுதியான சிறுநீருடன் வெளியேறிவிடுகிறது. இன்சுலின் செலுத்தியவுடன் எஞ்சிய பொட்டாசியம் உயிரணுக்களுக்குள் திரும்புவதால், இரத்தத்தில் அதன் அளவு சரிந்து இதயத்துடிப்பு சீர்குலையலாம். எனவே பொட்டாசியம் மிகக் குறைந்திருப்பின், அதனை ஈடுசெய்த பின்னரே இன்சுலின் தரப்படுகிறது. 'அமிலத்தேக்கத்திற்கு இன்சுலின்' என்று மட்டும் மனப்பாடம் செய்தவர் இவ்விடத்தில் தவறக்கூடும். உடலியங்கியல் இங்கு உயிர்காக்கும் அறிவாகிறது.

அறிவின் உறைநிலை

தேர்ந்த மருத்துவர் ஒவ்வொரு முறையும் இக்காரணத் தொடரை முழுமையாக எண்ணிப் பார்ப்பதில்லை. அவருடைய அடிப்படை அறிவியல் அறிவு நோயாளர்வழிக் கருத்துகளுக்குள் உறைந்திருக்கிறது. அரிய சிக்கல் எதிர்ப்படும்போது அது விரிகிறது என்று பொஷைசன், ஷ்மிட் ஆகியோர் 1992இல் விளக்கினர். இவ்வாறு உறைவதற்கு, ஒரே கருத்தை நோயாளரிடத்தும் பாடத்திலும் மீண்டும் மீண்டும் இணைத்துக் காணும் வாய்ப்பு மாணவருக்குத் தேவை.

முடிவுரை

இரு துறைப் பாடங்களை ஒரே வாரத்தில் நடத்துவதனால் மட்டும் ஒருங்கிணைப்பு நிகழ்ந்துவிடாது. தேர்வு துறைவாரியாகவே அமைந்தால் மாணவரும் துறைவாரியாகவே படிப்பர். நோயாளரின் நிலையை முன்வைத்து, 'என்ன செய்வீர்?' என்பதோடு 'ஏன்?' என்றும் ஒரே வினாவில் கேட்கும் மதிப்பீடே இணைப்பை உறுதிசெய்யும். அதற்கு அடிப்படை அறிவியல் ஆசிரியரும் மருத்துவமனை ஆசிரியரும் வினாத்தாளைக் கூடி அமைத்தல் இன்றியமையாதது.