அறுந்த நூல் சொன்ன சேதி

லேப்ல ரீடிங் தப்பா வந்ததும், பக்கத்து பெஞ்ச் நோட்டை எட்டிப் பார்க்கிற பார்ட்டியா நீங்க? அப்ப ஸ்டீஃபன் கிரேயைப் பத்தி அவசியம் தெரிஞ்சுக்கணும்!

இங்கிலாந்தின் கேன்டர்பரியில் 1666-ல் பிறந்தவர். தொழில், துணிக்குச் சாயம் போடுவது. வயசான காலத்தில் லண்டன் சார்ட்டர்ஹவுஸ் தர்ம விடுதியில்தான் சாப்பாடும் படுக்கையும். ஆனாலும் மனுஷன் சோதனை செய்யறதை விடலை.

கண்ணாடிக் குழாயைத் தேய்த்தால் இறகு, தூசியை எல்லாம் இழுக்கும். அந்தச் சக்தி எவ்வளவு தூரம் போகும்? 1729-ல் நண்பர் கிரான்வில் வீலர் வீட்டில், சணல் கயிறு வழியே அனுப்பிப் பார்த்தார். கயிற்றைத் தாங்கிப் பிடிக்க பட்டு நூல். 'மெல்லிசா இருந்தா சக்தி கசியாது' என்பது கணக்கு. 147 அடி வரை ஓகே! நீளத்தைக் கூட்டியதும் நூல் அறுந்துவிட்டது. சரி, மெல்லிசான பித்தளைக் கம்பியைக் கட்டினார். சுத்தமா வேலைக்கு ஆகலை!

அங்கேதான் பொறி தட்டியது. விஷயம் தடிமனில் இல்லை, பொருளில் இருக்கு! பித்தளை மின்சாரத்தைக் கடத்திவிடுது, பட்டு தடுக்குது. மறுபடி பட்டையே கட்டி, 600 அடிக்கு மேல் அனுப்பிக் காட்டினார். ராயல் சொசைட்டியின் முதல் காப்ளி பதக்கம் 1731-ல் இவருக்குத்தான்.

உங்க செல்போன் சார்ஜர் வயரில் உள்ளே செம்பு, வெளியே பிளாஸ்டிக். அந்தப் பாடத்தோட முதல் பக்கம், கிரேயின் சொதப்பல்தான். அடுத்த தடவை ரீடிங் உதைச்சா, உடனே அழிச்சிடாதீங்க பாஸ்!