வானுக்கு ஒரு வடம் – 3: தலைகீழான கோபுரம்

சென்ற வாரம் சியோல்கோவ்ஸ்கியை அவருடைய கற்பனைக் கோபுரத்தின் உச்சியிலேயே விட்டுவிட்டு வந்தோம். ஈஃபில் கோபுரத்தை மனதில் வைத்து 1895-ல் அவர் போட்ட கணக்கு சரிதான். பூமத்திய ரேகையில் சுமார் 36,000 கி.மீ. உயரம் கட்டினால் உச்சியில் எடை தெரியாது. ஆனால் அந்தக் கோபுரம் நிற்காது. மொத்தப் பாரமும் அடிப்பகுதியில் இறங்கும். எந்த இரும்பும் நசுங்கிவிடும்.

லெனின்கிராட் பொறியாளர் யூரி அர்ட்சுடனோவ் அதைத் தலைகீழாக்கினார். கீழிருந்து ஏன் கட்ட வேண்டும்? மேலிருந்து இறக்கலாமே! அதே 36,000 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள், தரையிலிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்கும். அங்கிருந்து பூமியை நோக்கி ஒரு வடம், எதிர்ப்பக்கம் விண்வெளியை நோக்கி இன்னொரு வடம். கீழ்வடத்தை ஈர்ப்பு இழுக்கும், மேல்வடத்தைச் சுழற்சி வெளியே தள்ளும். இரண்டும் ஈடுகட்ட, வடம் விறைப்பாக நிற்கும். நசுங்கும் பேச்சே இல்லை. அறாமல் இருந்தால் போதும். இழுவிசை உச்சமாக இருப்பது அந்த நடு இடத்தில் என்பதால் வடம் அங்கே தடித்து, இரு பக்கமும் மெலிய வேண்டும் என்பதையும் அவரே சொல்லிவிட்டார்.

இவ்வளவும் வந்தது ஆய்விதழில் அல்ல. 1960 ஜூலை 31 தேதியிட்ட ‘கொம்சமோல்ஸ்கயா பிராவ்தா’ என்ற இளைஞர் நாளிதழில், மின்ரயிலில் விண்வெளிக்குப் போவது பற்றிய கட்டுரையாக! ககாரின்கூட அப்போது பறந்திருக்கவில்லை.

மேற்கில் அதை யார் படித்தார்கள்? 1966-ல் அமெரிக்கர்கள் நால்வர் ‘சயின்ஸ்’ இதழில் இதே யோசனையைப் புதிதாக எழுதினார்கள். நால்வரும் ஸ்கிரிப்ஸ், வுட்ஸ் ஹோல் ஆகிய கடலாய்வு நிலையங்களைச் சேர்ந்தவர்கள். ஆழ்கடலுக்குள் கம்பி இறக்குகிற இடங்களில் இந்த எண்ணம் முளைத்தது எனக்கு வியப்பாக இல்லை. அடுத்து 1975-ல், அமெரிக்க விமானப்படை ஆய்வகத்தின் ஜெரோம் பியர்சன். அர்ட்சுடனோவை அறியாமலேயே அவரும் அதே வடத்தை வந்தடைந்தார். மறுமுனையை 1,44,000 கி.மீ. வரை நீட்டினார்.

பொதுவாசகர்களிடம் இதைக் கொண்டுபோனது, கொழும்பில் குடியிருந்த ஆர்தர் சி. கிளார்க். 1979-ல் வெளிவந்த ‘தி ஃபவுன்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ நாவலில், சிவனொளிபாத மலையைப் போன்ற ஒரு மலையின் உச்சியில் வடத்தை ஊன்றினார். சிக்கல் என்னவென்றால், இலங்கை பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கிறது. கிளார்க் அசரவில்லை. தீவையே தெற்கே நகர்த்திவிட்டார்! நாவலாசிரியருக்குக் கிடைக்கும் இந்தச் சலுகை பொறியாளருக்குக் கிடைக்காது.

பொறியாளரைத் தடுத்தது வடத்தின் பொருள். உயரம் கூடக்கூட ஈர்ப்பு குறைகிறது, சுழற்சியும் கைகொடுக்கிறது. ஆகவே தரை ஈர்ப்பில் ஏறத்தாழ 4,960 கி.மீ. நீளம் தொங்கினாலும் அறாத பொருள் இருந்தால், வடத்தைத் தடிக்கவிடாமலே இழுத்துவிடலாம். உயர்தர எஃகுக் கம்பியோ சில பத்து கிலோமீட்டரிலேயே தன் எடையால் அறுந்துவிடும். எஃகில்தான் வேண்டுமென்றால், நடுப்பகுதியின் தடிமன் நினைத்தே பார்க்க முடியாத அளவுக்குப் போகும்.

அடுத்த வாரம் ஜப்பானுக்குப் போகிறோம். 1991-ல் சுமியோ இய்ஜிமா எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்ட கார்பன் குழாய்கள் இந்தக் கணக்கை எவ்வளவு மாற்றின என்று பார்ப்போம்.

(தொடரும்)