மூணாற்று முதியோரும் இல்லற நினைவுகளும்

இல்லறத்தை இளமையில் நடத்துகிறோம். அதன் இனிமையை எண்ணிப் பார்க்க முதுமையே ஓய்வு தருகிறது. முதுகில் கொழுந்துக் கூடை இருந்த நாள்களில் கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது விளக்கு வைத்த பின்னரே. மூணாற்று மலைகளில் உழைத்து மூத்த தம்பதியர் பலரோடு யாம் பேசிப் பழகியிருக்கிறோம். அவர்கள் பேச்சில் மணநாளும், பிள்ளைப்பேறும், கோயில் திருவிழாவும் முன்னே வருகின்றன. கூலிக் குறைவும் குளிரும் பின்னே வருகின்றன. அந்நினைவுகள் குடும்பத்தின் செல்வம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், செல்வத்தை வைத்துக் காக்க ஓர் இல்லம் வேண்டுமன்றோ? அது குறித்தே இங்கு எழுதப் புகுந்தோம்.

பூஞ்சாற்று அரச குடும்பத்தாரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் இம்மலைகளைக் குத்தகைக்குப் பெற்றது 1877-ஆம் ஆண்டில். காடு தோட்டமாகியது தமிழர் கைகளால். நெல்லை, மதுரை, இராமநாதபுரச் சீமைகளிலிருந்து கங்காணிமார் பின்னே நம் முன்னோர் மலையேறி வந்தனர். இருப்புப்பாதை எழுத்தராகிய எமக்கு மற்றொரு செய்தியும் நினைவுக்கு வருகிறது. 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-இல் அது சிறிய இரயில் பாதையாக மாற்றப்பட்டது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை இரயிலில் சென்று, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கின. 1924 ஜூலைப் பெருவெள்ளம் அப்பாதையை அடியோடு அழித்தது. கொல்லம் ஆண்டு 1099-இல் நேர்ந்தமையால் அதனைத் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்பர். 1928-இல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு இரயில் வந்தது. அதன் பின்னர் மலைக்கு வந்த மணப்பெண்களில் பலருக்குப் போடி நிலையமே புக்ககத்தின் முதல் வாயில்.

எம் அன்னையாரும் அவ்வழியே வந்தவர்தாம். 1984-ஆம் ஆண்டு தை மாதம் நெல்லைச் சீமையில் திருமணம் முடித்து, போடியில் இரயிலை விட்டு இறங்கி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில் கடந்து, இருட்டிய பின்னர் லயத்து வீட்டுப் படியேறினார். அவ்விரவின் குளிரை அவர் இன்றும் மறக்கவில்லை. வீட்டில் இருந்தது ஒரே கம்பளி. எம் தந்தையார் ஒரு சொல்லும் பேசாமல் அதனை அவர்மேல் போர்த்திவிட்டு, தாம் அடுப்பங்கரையில் அமர்ந்து விடியும்வரை விறகு தள்ளிக் கொண்டிருந்தாராம்.

மார்கழி தோறும் அன்னையார் இதனைச் சொல்லத் தவறுவதில்லை. “உங்க அப்பா வாயால் ஓர் அன்பான வார்த்தை சொன்னதில்லை, அந்தக் கம்பளிதான் சொன்னது” என்பார். தந்தையாரோ, “வந்த அன்றைக்கே பெண் விறைத்துப் போனால் மாமனாருக்கு யார் பதில் சொல்வது?” என்று சிரிப்பார். நாற்பது ஆண்டு இல்லறத்தின் சுவை முழுவதும் அச்சிரிப்பில் இருப்பதாக எமக்குத் தோன்றும். நீலக்குறிஞ்சி பன்னீராண்டுக்கு ஒருமுறை பூப்பது. 1994, 2006, 2018 ஆகிய மூன்று பூப்புகளையும் அவர்கள் சேர்ந்தே கண்டனர். ஆண்டுக் கணக்கைவிட அவர்களுக்குப் பெருமை தருவது அந்தப் பூக்கணக்கே.

இத்தகைய வாழ்வுக்கு ஊன்றுகோலாக நின்றது இறைநம்பிக்கை. மூணாற்றில் சுப்பிரமணிய சுவாமி கோயிலும், கிறிஸ்தவ ஆலயங்களும், பள்ளிவாசலும் அருகருகே மேடுகளில் நின்று ஊரைக் காக்கின்றன. 1898-இல் தொடங்கிய கார்மேல் மாதா ஆலயம் 2024-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. திருவிழா எவருடையதாயினும், லயத்தில் அடுத்த வீட்டுக்குப் பலகாரம் போவது வழக்கம். முதுமையில் வேண்டுதல்களும் மாறிவிடுகின்றன. எம் அன்னையார் சுமங்கலியாக முன்னே போக வேண்டுமென்று முருகனை வேண்டுகிறார். அவர் கையால் உண்ணாமல் ஒருநாளும் வாழ இயலாதென்று கருதும் தந்தையாரோ, தாம் முன்னே போக வேண்டுமென்று அதே சந்நிதியில் வேண்டுகிறார். இரண்டும் ஒருங்கே நிறைவேறுதல் அரிது. ஆதலின் ஆண்டவன் இருவரையும் இன்னும் காக்க வைத்திருக்கிறான் போலும்!

இம்மலையில் பலரும் அறிந்த மண நினைவு ஒன்று கல்லறையில் உள்ளது. ஹென்றி மான்ஸ்ஃபீல்டு நைட் என்னும் தோட்டத் துரையின் இளம் மனைவி எலினார் 1894-ஆம் ஆண்டு டிசம்பரில் காலராவால் மறைந்தார். குன்றொன்றின் அழகில் மயங்கி, தாம் இறந்தால் அங்கேயே அடக்கம் செய்ய வேண்டுமென்று அவர் சொல்லியிருந்தார் என்பது வழிவழி வரும் செய்தி. அவ்வாறே செய்தனர். அக்குன்றின் சரிவில் 1910-இல் அடிக்கல் நாட்டி எழுப்பியதே இன்று தமிழிலும் வழிபாடு நடைபெறும் கிறிஸ்து ஆலயம். ஒரு கணவனின் அன்பைக் கல் காத்து நிற்கிறது, நன்றே. ஆனால் அதே நோயிலும் மலைக் காய்ச்சலிலும் மாண்ட நம் பாட்டிமாருக்குக் கல் ஏது? அவர்தம் இல்லற வரலாறு பிள்ளைகளின் நாவிலன்றி வேறெங்கும் இல்லை.

அந்த நாவும் நிலைப்பதற்கு இடம் வேண்டும். தோட்டத்தில் வேலை செய்வோருக்கு வீடு தர வேண்டுமென 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆனால் வீடு வேலையோடு சேர்ந்தது. 58 வயதில் ஓய்வு பெற்றால், குடும்பத்தில் வேறொருவர் தோட்ட வேலையில் இல்லாதபோது வீட்டை ஒப்படைக்க வேண்டும். மணமகளாய்ப் புகுந்த வீடு, பிள்ளைகள் பிறந்த வீடு, முதுமையில் தமக்குரியதன்று! அவ்வீட்டுக்காகவே படிப்பை விட்டுக் கொழுந்தெடுக்கச் சென்ற பெண்கள் உண்டு.

எம் தந்தையார் 2018-இலும் அன்னையார் 2020-இலும் ஓய்வு பெற்றனர். யாம் பத்தாம் வகுப்புத் தேறி இருப்புப்பாதைப் பணிக்கு வந்தது அவர்களுக்குப் பெரும் பெருமை. அப்பெருமைக்கு அவர்கள் கொடுத்த விலை அவ்வீடு. சுவரிலிருந்த முருகன் படத்தை எடுத்துக்கொண்டனர். எம் உயரத்தை ஆண்டுதோறும் குறித்த கரிக்கோடுகளை எடுக்க இயலவில்லை. இன்று எம்மோடு பணியாளர் குடியிருப்பில் இருக்கின்றனர். அதுவும் பணியோடு சேர்ந்த வீடே என்பதை நினைக்கும்போது உறக்கம் குறைகிறது.

2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்கள் புதைந்தன. 70 உயிர்கள் போயின. நெருங்கிய உறவினர் பலரை ஒரே இரவில் இழந்தவர்கள் உளர். பாட்டியும் பேரனும் ஒருங்கே மறைந்த குடும்பத்தில் பழங்கதையைச் சொல்பவர் யார்? கேட்பவர் யார்?

அன்பர்களே! ஒவ்வொரு வீட்டாரையும் இரண்டு செயல்களுக்கு அழைக்கிறோம். முதலாவது, வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் கைக்கு வரும்போது, அவற்றைக் கல்யாணப் பந்தலில் கரைத்துவிடாமல், பெற்றோர் தலைக்குமேல் ஒரு கூரைக்கென ஒரு பகுதியை ஒதுக்குங்கள். சொந்த ஊரில் இரண்டு சென்ட் நிலமாயினும் ஐம்பது வயதிற்குள் தேடிக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் பெற்றோர் அருகே அமர்ந்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்: எந்த ஊரிலிருந்து வந்தனர், எந்தக் கங்காணியோடு வந்தனர், மணநாள் எது, யார் தாலி எடுத்துக் கொடுத்தார், எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டனர், எந்தப் பிள்ளை எந்த லயத்தில் பிறந்தது. எழுதும்போதே அவர்கள் இளமை திரும்புவதைக் கண்ணாரக் காண்பீர்கள்.

குறிஞ்சி மீண்டும் 2030-இல் பூக்கும். அதைக் காணச் செல்லும் முதியோர், மலையைப் பார்த்துவிட்டு, “நம் வீட்டுக்குப் போகலாம்” என்று சொல்லித் திரும்ப ஒரு வீடு இருக்கட்டும்.