படம் மங்கலா? நெகட்டிவை எறியுமுன் என்லார்ஜரைப் பாருங்கள்

நமது லயங்களில் பல வீடுகளில் தாத்தா, பாட்டி முகம் என்று இருப்பது ஒரேயொரு கறுப்பு வெள்ளைப் படம்தான். அது செல்லரித்துப் போனாலும், நெகட்டிவ் ட்ரங்குப் பெட்டியில் இருந்தால் மறுபடி படம் போடலாம். போட்ட படம் மங்கலாக வந்தால், “நெகட்டிவ் பழுதாப் போச்சு” என்று எறிந்துவிடுகிறோம். அவசரப்பட வேண்டாம். பிழை என்லார்ஜரில் இருக்கலாம். பழைய என்லார்ஜரைத் தூசி தட்டி இருட்டறை வேலை பழகும் நமது பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறோம்.

என்லார்ஜரில் நெகட்டிவ், லென்ஸ், கடதாசி வைக்கும் பலகை ஆகிய மூன்றும் சமாந்தரமாக நிற்க வேண்டும். கொழுந்துத் தராசு சரிந்து தொங்கினால் நிறை பிழைக்கும் அல்லவா? இங்கேயும் ஒன்று சரிந்தால் படத்தின் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் விழும்.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். மேசன்மார் பாவிக்கும் நீர்மட்டத்தைப் பலகையிலும், பிறகு நெகட்டிவ் வைக்கும் தட்டிலும் வைத்துப் பாருங்கள். நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் பார்க்க வேண்டும். சரிந்திருந்தால் திருகாணியைத் தளர்த்தி, மட்டம் பார்த்து முடுக்குங்கள். திருகாணி இல்லாத இடத்தில் மெல்லிய அட்டைத் துண்டு போதும்.

அடுத்தது சோதனை. பிலிம் சுருளின் தொடக்கத்தில் வெளிச்சம் பட்டுக் கறுத்த துண்டு ஒன்றை எடுங்கள். ஊசியால் நடுவிலும் நான்கு மூலையிலும் சிறு கீறல் போட்டு என்லார்ஜரில் வையுங்கள். லென்ஸை முழுதாகத் திறந்து நடுக்கீறலைக் கூர்மையாக்குங்கள். ஒரு பக்கத்து மூலைகள் மட்டும் மங்கினால் சரிவு இன்னும் இருக்கிறது. நான்கும் ஒரேமாதிரி மங்கினால் பிலிம் வளைந்திருக்கலாம், அல்லது லென்ஸ் ஓரங்களில் பலவீனமாக இருக்கலாம்.

இனி உண்மையான நெகட்டிவ். விளக்குச் சூட்டில் பிலிம் புடைக்கும். ஆகவே விளக்கைப் போட்டு அரை நிமிடம் பொறுத்துப் பாருங்கள். படம் போடும் அதே கடதாசியில் கழிவுத் துண்டொன்றைப் பலகையில் வைத்து, லென்ஸ் முழுதாகத் திறந்த நிலையில் கூர்மையாக்குங்கள். பிறகு லென்ஸின் துவாரத்தை இரண்டு மூன்று படி குறையுங்கள். 2.8 லென்ஸ் என்றால் 5.6 அல்லது 8 சரி. கை பட்ட ஆட்டம் அடங்கிய பிறகே வெளிச்சம் கொடுங்கள். பலகைத் தரையில் யாரும் நடக்கக்கூடாது.

இதற்குப் பிறகும் மங்கலா? பூதக்கண்ணாடியால் படத்தைப் பாருங்கள். பிலிமின் பொடிமணிகள் கூர்மையாகத் தெரிந்து, முகம் மட்டும் மங்கினால், அது படம் எடுத்தபோதே நேர்ந்த பிழை. என்லார்ஜரால் திருத்த முடியாது. மணிகளும் மங்கினால் நெகட்டிவ் மேல் பழி இல்லை. மறுபடி மட்டம் பாருங்கள்.

எப்படியானாலும் நெகட்டிவை எறியாதீர்கள். ஓரத்தை மட்டும் பிடித்து, சுத்தமான கடதாசியில் சுற்றி, மலைநாட்டு ஈரம் ஏறாத இடத்தில் வையுங்கள். நம் மூத்தவர்களின் முகம் நம் பேரப்பிள்ளைகளுக்கும் வேண்டும்.