நிரந்தர நாட்காட்டிக் கடிகாரம்: தேவை மறைந்த பின்னரும் மதிப்பு ஏன்?

சுவிட்சர்லாந்தின் சூரிச் மாநிலத்திலுள்ள ஊஸ்டரில், 1832ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் தேதி நூற்பாலை ஒன்று தீக்கிரையானது. இயந்திரத் தறிகள் தமது பிழைப்பைப் பறித்துவிடும் என்று அஞ்சிய வீட்டு நெசவாளர்களே அதற்குத் தீ வைத்தனர். பலர் சிறை சென்றனர், இயந்திரங்களோ நிற்கவில்லை.

ஏறக்குறைய 140 ஆண்டுகளுக்குப் பின்னர், அதே அச்சம் அந்நாட்டின் கடிகாரத் தொழிலாளர்களைப் பற்றிக்கொண்டது. 1969 டிசம்பரில் ஜப்பானின் செய்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை அறிமுகப்படுத்தியது. மின்கலத்தில் இயங்கிய அது, இயந்திரக் கடிகாரங்களை விடத் துல்லியமானது, நாளடைவில் மலிவானதும்கூட. தமிழ்நாட்டின் ஓசூரில் 1980களில் உருவான டைட்டன் தொழிற்சாலையும் குவார்ட்ஸையே நம்பியது. 1970இல் சுமார் 90 ஆயிரம் பேர் பணியாற்றிய சுவிஸ் கடிகாரத் துறையில், 1980களின் நடுப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கினரே எஞ்சினர்.

அந்த நெருக்கடியின் நடுவே, 1985இல், ஷாஃப்ஹவுசன் நகரின் ஐடபிள்யூசி நிறுவனம், கர்ட் கிளவுஸ் வடிவமைத்த நிரந்தர நாட்காட்டிப் பொறியுடன் 'டா வின்சி' கடிகாரத்தை வெளியிட்டது.

மாதத்துக்கு எத்தனை நாள் என்பதை இத்தகைய கடிகாரம் தானே அறிந்து தேதியை மாற்றும். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை சுழலும் சக்கரத்தின் விளிம்பில், 48 மாதங்களின் நீளமும் மேடு பள்ளங்களாகச் செதுக்கப்பட்டிருப்பது பொதுவான முறை. நான்கால் வகுபட்டாலும் 2100 லீப் ஆண்டு அல்ல. எனவே, இவற்றில் பெரும்பாலானவற்றை அவ்வாண்டு மார்ச் முதல் தேதியில் மனிதக் கைகளே திருத்த வேண்டும்.

இன்று வாங்குவோரில் பெரும்பாலோர் அந்த நாளைக் காணப்போவதில்லை. இதன் கவர்ச்சியும் அதில்தான் இருக்கிறது. சரியான தேதியைக் கைத்தொலைபேசியே காட்டிவிடும். பெருந்தொகை கொடுப்பவர் வாங்குவது தேதியை அல்ல. பழுதுபார்த்துப் பேரப்பிள்ளைகளுக்கும் கொடுக்கக்கூடிய கைத்திறனை.

பயன்பாட்டில் தோற்ற தொழில், ஆடம்பரமாக மாறிப் பிழைத்துக்கொண்டது. இழந்த வேலைகளில் ஒரு பகுதி மீண்டது. ஆனால், 1970இன் எண்ணிக்கையைத் துறை இன்றுவரை எட்டவில்லை. சாதாரணத் துணி நெய்து வாழ்ந்த ஊஸ்டர் நெசவாளர்களுக்கோ அந்த வழியும் திறந்திருக்கவில்லை. இயந்திரத்திடம் தோற்ற கைத்திறனை விலை காப்பாற்றலாம். ஆனால், அதை நம்பி வாழ்ந்த அனைவரையும் காப்பாற்றுவதில்லை.