‘சர்ஜ்’ என்றால் என்ன?

‘சர்ஜ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் பொங்கி எழுதல், திடீர்ப் பெருக்கம் என்று பொருள் காணலாம். இன்று செய்தித்தாள்களில் விலைவாசிக்கும், மின்சாரத்திற்கும், நோய்ப் பரவலுக்கும்கூட இச்சொல் வழங்குகிறது. ‘எழுதல்’ எனப் பொருள்படும் ‘சுர்கெரே’ என்ற இலத்தீன் சொல்லே இதன் மூலம். ஊற்றைக் குறிக்கும் ‘சோர்ஸ்’ என்ற சொல்லும் அதன் வழிவந்ததே. ஆனால் ‘சர்ஜன்’ இதற்கு உறவில்லை. அது ‘கைவேலை’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

எல்லா உயர்வும் ‘சர்ஜ்’ ஆகிவிடாது. காலையிலிருந்து நண்பகல்வரை வெப்பநிலை சிறிது சிறிதாக ஏறுவதை ‘ரைஸ்’ என்றால் போதும். மின்கம்பிக்கருகே மின்னல் தாக்கும்போது கம்பியின் மின்னழுத்தம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைந்த நேரத்தில் பன்மடங்கு எழுந்து அடங்குகிறதே, அதுதான் ‘சர்ஜ்’. திடீரென்று வரவேண்டும்; வேகத்தோடு வரவேண்டும்.

இச்சொல்லுக்குப் பொருள் தெரியாததால் உயிர்கள் போனதும் உண்டு. 2013 நவம்பர் 8 அன்று ‘ஹையான்’ என்ற கடும்புயல் பிலிப்பைன்ஸ் நாட்டைத் தாக்கியது. 7 மீட்டர் உயரம்வரை ‘ஸ்டார்ம் சர்ஜ்’ எழக்கூடும் என்று வானிலைத் துறையினர் முன்னரே எச்சரித்திருந்தார்கள். டாக்ளோபான் நகர மக்களில் பலருக்கு அச்சொல் விளங்கவில்லை. புயல் என்றால் காற்றும் மழையும்தானே என்று எண்ணி, கடலோர வீடுகளிலேயே தங்கிவிட்டனர். நாட்டில் 6,300 பேர் மாண்டனர். ‘சுனாமி’ என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போமே என்று பிழைத்தவர்கள் பலர் பின்னர் கூறினர். அறிவியல்படி அது தவறான பெயர்தான். சுனாமி பெரும்பாலும் கடலடி நிலநடுக்கத்தால் வருவது. ஆனாலும் அவர்கள் கூற்றைத் தள்ளிவிட முடியவில்லை.

அங்கே கடல் எப்படி எழுந்தது? காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் உயரும். இயல்பான அழுத்தம் 1013 மில்லிபார். ஹையானின் மையத்தில் அது 895 வரை இறங்கியது. கணக்கிட்டுப் பாருங்கள்: 118 சென்டிமீட்டர், அதாவது ஓர் ஆள் உயரம்கூட இல்லை. டாக்ளோபானில் எழுந்த நீரோ 5 மீட்டருக்கும் மேல்! மீதியைச் செய்தது காற்று. ஆழ்கடலில் காற்று தள்ளும் நீர் கீழே இறங்கித் திரும்பிவிடும். கரையோரத்தில் ஆழம் குறைவு. நீர் திரும்ப வழியில்லை. அந்நகரம் சான் பெட்ரோ விரிகுடாவின் குறுகிய மேல்முனையில் இருக்கிறது. புனலில் ஊற்றியதுபோல நீர் அங்கே குவிந்தது.

சாதாரண அலை வரும், சில நொடிகளில் திரும்பும். ‘சர்ஜ்’ அப்படியன்று, கடல்மட்டமே மேலேறி நிற்கும். அதன் மேல்தான் அலைகள் வந்து மோதும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்ததும் இதுவே. தமிழில் இதனைப் ‘புயல் எழுச்சி’ என்று எழுதலாம். ‘புயலால் கடல் ஊருக்குள் ஏறும்’ என்று அறிவித்தால் கடலோரத்துக் குழந்தைக்கும் புரியும்.