பழைய போனை ‘றூட்’ பண்ணக் கொடுக்குமுன்

கனடாவிலோ பிரான்ஸிலோ இருக்கும் உறவினர் பாவித்துவிட்டு அனுப்பிய பழைய போன். இடம் போதவில்லை, தேவையில்லாத செயலிகளை அழிக்க முடியவில்லை, உள்ளூர் சிம் பிடிக்கவில்லை. “றூட் பண்ணினால் எல்லாம் சரி” என்று யாராவது சொல்வார்கள். கிங்றூட், கிங்கோறூட், பிறமாறூட் என்று ஒன்றை இறக்கி ஒரு பொத்தானை அழுத்துவதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, வவுனியா என்று வன்னி முழுக்க இந்தக் கதைதான். கூகுள் கணக்குப் பறிபோன பிறகோ, போன் கம்பனிப் பெயரோடு உறைந்து நின்ற பிறகோதான் விசாரித்துக்கொண்டு வருகிறார்கள்.

அன்ட்ரோயிட் போனில் ஒவ்வொரு செயலியும் தனித்தனி அறையில் பூட்டப்பட்டிருக்கிறது. றூட் என்பது எல்லா அறைக்குமான ஒரே திறப்பு. ஒரே பொத்தானில் அது எப்படிக் கிடைக்கிறது? கம்பனி அடைக்காமல் விட்ட பாதுகாப்பு ஓட்டை வழியாகத்தான். 2014 ஜூனில் வெளிவந்த டவல்றூட், லினக்ஸ் கேர்னலில் இருந்த அப்படியொரு ஓட்டையைப் பயன்படுத்தியது. அதே ஓட்டையையும் பிடித்துத்தான் கூலிகன் என்ற தீநிரல் அன்ட்ரோயிட் 4, 5 போன்களுக்குள் நுழைந்து, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கூகுள் கணக்குகளைக் கைப்பற்றியது. செக் பொயின்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் இதை 2016 நவம்பரில் வெளியிட்டது. ஆகவே கருவி வேலை செய்துவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். உங்கள் போனுக்குள் யாரும் நுழையலாம் என்பதற்கு அதுவே சான்று. வங்கி அனுப்பும் ஓடிபி குறுஞ்செய்தியையும் அப்படி நுழைந்தவர் வாசிப்பார்.

பெரும்பாலான தேவைகளுக்கு றூட் வேண்டியதே இல்லை. அழிக்க முடியாத பல செயலிகளை அமைப்புகளுக்குள் போய் ‘முடக்கு’ என்று கொடுத்தால் போதும். இடத்தைத் தின்பது அநேகமாக வட்ஸ்அப் வீடியோக்கள்தான், அவற்றை அழியுங்கள். சிம் பிடிக்காத போனுக்கு, அதை விற்ற வெளிநாட்டுத் தொலைபேசிக் கம்பனியிடமே பூட்டை எடுக்கக் கேட்க வேண்டும். கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் கம்பனிகள் இதைக் கட்டணமின்றிச் செய்துதர வேண்டும் என்பது விதி. அனுப்பிய உறவினரை ஒரு தடவை அழைத்துப் பேசச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே றூட் பண்ணியாகிவிட்டதா? ‘பக்டரி றீசெட்’ போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். அது உங்கள் படங்களையும் செயலிகளையும் அழிக்கும். றூட் வழியாக சிஸ்டம் பகுதிக்குள் புகுந்தது அங்கேயே இருக்கும். றீசெட் போதாது. அந்த மொடலுக்கே உரிய, கம்பனி வெளியிட்ட மென்பொருளை முழுதாகப் பிளாஷ் பண்ண, அதாவது புதிதாக ஏற்ற, வேண்டும். மொடல் இலக்கத்தில் ஓர் எழுத்து மாறினாலும் போன் எழும்பாமல் போகலாம். ஆகவே கம்பனியின் அங்கீகாரம் பெற்ற சேவை நிலையத்துக்கே கொண்டுபோங்கள். அதற்குமுன், வேறொரு போனிலிருந்து கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறி, இரண்டு படிச் சரிபார்ப்பைப் போடுங்கள். றூட் ஆன போனிலிருந்தே கடவுச்சொல்லை மாற்றினால் புதியதும் கள்வன் கைக்கே போகலாம்.

போனைக் கையளிக்குமுன் படங்களைப் பிரதி எடுங்கள். இதை வன்னியில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் ஒரே படத்தையும், ஆணைக்குழுவுக்குக் கொடுத்த கடிதத்தின் படத்தையும் போனிலேயே வைத்திருக்கும் தாய்மார் இங்கே இருக்கிறார்கள். பிளாஷ் பண்ணினால் அவை திரும்பி வராது. ஒரு பிரதி மெமரி கார்டில், ஒன்று வேறொருவரின் போனில், முக்கியமானது கடதாசியிலும் இருக்கட்டும். சிம்மையும் கார்ட்டையும் கழற்றி வைத்துக்கொண்டுதான் போனைக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது பற்றுச்சீட்டு. “தெரிஞ்ச தம்பிதானே” என்று இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண், போனின் நிலை, செய்யும் வேலை, கூலி, திகதி எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். ‘றூட் செய்யக்கூடாது’ என்றும் எழுதுவியுங்கள். உங்களைக் கேட்காமல் கடை றூட் செய்து போன் பழுதானால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்துமூலம் முறையிடலாம். சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். தாமதித்தால் உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் முறைப்பாட்டை எடுக்கமாட்டார்கள். அழைக்க 1977. கடிதத்தோடு பற்றுச்சீட்டின் பிரதியை இணையுங்கள், மூலத்தைக் கொடுத்துவிடாதீர்கள். தமிழிலேயே எழுதுங்கள். வடக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பே சொல்கிறது. மொழிபெயர்த்துக்கொண்டு வரச் சொல்லும் உத்தியோகத்தரிடம் அதை அமைதியாக நினைவுபடுத்துங்கள்.

காசு போயிருந்தால் முதலில் வங்கிக்கு அழைத்துக் கணக்கையும் அட்டையையும் நிறுத்துங்கள். வங்கி இழுத்தடித்தால் மத்திய வங்கியின் 1935க்கு அழையுங்கள். கூகுள் கணக்குப் பறிபோனால், கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட்டின் 101க்கு அழையுங்கள். உங்கள் அனுமதியின்றிப் போனுக்குள் புகுந்து தகவல் எடுப்பது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். பொலிஸ் நிலையத்தில் “போன் பிரச்சினைக்கெல்லாம் பொலிஸா?” என்று கேட்டால் திரும்பி வந்துவிடாதீர்கள். முறைப்பாட்டைப் பதிவித்து, அதன் இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டெங்குக்குக் கூட்டம் வைக்கும் பிரதேச செயலகங்கள் இதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இத்தனை பேர் அலைய வேண்டியிருக்காது.

அன்ட்ரோயிட் 5க்குக் கீழான போனில் 2025 ஜனவரியிலிருந்து வட்ஸ்அப்பும் ஓடாது. அதை றூட் பண்ணி உயிர்கொடுக்க முயலாமல், கூகுள் கணக்கையும் வங்கிச் செயலியையும் எடுத்துவிட்டு, வானொலி கேட்கவும் பிள்ளைகளை எழுப்பும் அலாரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.